தடுப்பாட்டத்தை விலைக்கு வாங்க முடியுமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகக் கால்பந்தில் தாக்குவதற்கும் தடுப்பதற்கும் தனித்தனி வீரர்கள் உண்டு. எதிரணியிடம் பந்து இருக்கும்போது, களத்திலுள்ள 11 பேரில் யார் பாய்வது, யார் காவல் நிற்பது என்று வகுப்பவரே தடுப்பாட்ட ஒருங்கிணைப்பாளர்.

2021இல் மிச்சிகனிடம் 27-42 எனத் தோற்ற ஒஹாயோ ஸ்டேட், அப்பொறுப்புக்கு ஜிம் நோல்ஸை அழைத்தது. 2025 ஜனவரியில் தேசியப் பட்டம் வென்றது. சில நாட்களிலேயே போட்டிப் பல்கலைக்கழகமான பென் ஸ்டேட், ஆண்டுக்குச் சுமார் 31 லட்சம் டாலர் ஊதியத்தில் அவரைக் கவர்ந்துகொண்டது. காலியான இடத்துக்கு, தொழில்முறை அணிகளில் அனுபவம் பெற்ற மேட் பட்ரீசியா வந்தார்.

பிறகு நடந்ததுதான் பாடம். அவ்வாண்டு அக்டோபரில், தொடர் தோல்விகளால் பென் ஸ்டேட் தன் தலைமைப் பயிற்சியாளரையே நீக்கியது. ஒஹாயோ ஸ்டேட்டோ வழக்கமான பருவத்தின் 12 ஆட்டங்களிலும் வென்றது.

இதற்கு நோல்ஸைக் குறைகூறுவது நியாயமன்று. வியூகம் ஒருவருடையது, அதை உள்வாங்கி ஆடும் வீரர்களை உருவாக்குவதோ நிறுவனத்தின் பல்லாண்டு உழைப்பு. முன்னதை விலைக்கு வாங்கலாம். பின்னதை வாங்க இயலாது. ஒரு மனிதரை அமர்த்திவிட்டால் வெற்றியும் உடன்வரும் என்று நம்பும் எந்த நிர்வாகமும் இதைச் சிந்திக்க வேண்டும் என்பதே என் கருத்து.