ஒற்றுமையா? விடுதலையா?

லிங்கன் என்றதும் அடிமைகளை விடுவித்த உத்தமர் என்றே படித்திருக்கிறோம். ஆனால் 1861 மார்ச் 4-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவராய்ப் பதவியேற்ற அவர், அடிமைமுறை நிலவும் மாநிலங்களில் அதில் தலையிடும் நோக்கம் தமக்கில்லை என்றே உரைத்தார். நாடு பிளவுபடலாகாது, அன்று அவருக்கு ஒற்றுமையே முதற்கவலை.

இதற்கு ஒன்பதாண்டுகட்கு முன்பே, 1852 ஜூலை 5-இல், ராச்செஸ்டர் நகரில் விடுதலை நாளையொட்டிப் பேசிய பிரடெரிக் டக்ளஸ், இவ்விழா உங்களுடையது, என்னுடையதன்று என்றார். அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்தவர் அவர். அழைத்தவர்களோ அடிமைமுறையை எதிர்த்த மாதர் சங்கத்தார்! தமிழில் 'நாம்' வேறு, 'நாங்கள்' வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அந்நாட்டு விழாவின் 'நாம்', டக்ளஸின் செவியில் 'நாங்கள்' என்றே விழுந்தது. ஒரு சாராரை வெளியே நிறுத்திவிட்டு எந்த ஒற்றுமையைக் காப்பது?

உள்நாட்டுப் போர் மூண்டது. 1863 சனவரியில் விடுதலைப் பிரகடனம் வந்தது. அவ்வாண்டு நவம்பர் 19-இல் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் லிங்கன் ஆற்றிய உரை ஏறத்தாழ 270 சொற்களே. பதவியேற்புரையில் திரும்பத் திரும்ப வந்த 'ஒன்றியம்' என்னும் சொல் இதில் ஒருமுறைகூட இல்லை. விடுதலையின் புதுப்பிறப்பைப் பேசுகிறார். டக்ளஸ் நின்ற இடத்துக்கு அவருரை வந்து சேரப் பதினோராண்டுகள் ஆயின. அப்போதும் 'அடிமை' என்ற சொல்லை அவர் உச்சரிக்கவில்லை. எனக்கு அது குறையாகவே படுகிறது.