தூசி தந்த நோய்: சான்று உங்கள் கையில்

ஏற்காட்டில் பாக்சைட் வெட்டி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பிய காலம் உண்டு. மலையடிவாரத்தில் மேக்னசைட் சுரங்கங்களும் கல் உடைக்கும் ஆலைகளும் பல குடும்பங்களை வாழ வைத்தன. அங்கு உழைத்தோர் மூச்சிரைப்புடன் எங்களிடம் வரும்போது, பெரும்பாலும் வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கடந்திருக்கும். “இந்நோய் வேலையால் வந்ததுதானா?” என்று குடும்பத்தார் கேட்கின்றனர். இழப்பீடும் அவ்விடையைப் பொறுத்தே அமைகிறது.

விடை காண நாங்கள் மூன்றைப் பார்க்கிறோம். முதலாவது, சுவாசித்த தூசி எது என்பது. எல்லாத் தூசியும் ஒன்றல்ல. சேர்வராயன் மலையின் சார்னோக்கைட் பாறையில் குவார்ட்ஸ் கலந்துள்ளது. அதை உடைக்கையில் எழும் நுண்ணிய சிலிக்காத் துகள் நுரையீரலில் தழும்பை உண்டாக்கும். அந்நோயே சிலிக்கோசிஸ். இரண்டாவது, காலம். பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தூசியில் உழைத்த பின்னரே இது வெளிப்படும். வேலையை விட்ட பின்னும் வளரக்கூடும். மூன்றாவது, எக்ஸ்ரே படத்தில், பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில், தெரியும் சிறு முடிச்சுகள்.

இரு ஐயங்கள் அடிக்கடி எழுகின்றன. புகைபிடித்தவருக்கு உரிமை இல்லையா? புகை மூச்சுக்குழாய்களைக் கெடுக்கும். ஆனால் சிலிக்கோசிஸ் முடிச்சுகளை அது உண்டாக்குவதில்லை. காசநோய் என்று எழுதிவிட்டால்? சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, சிலிக்கோசிஸை அடிப்படையாகக் கொண்ட காசநோயையும் தொழில்நோயாகவே ஏற்றது. அவ்வட்டவணையில் குறித்த தொழிலில், குறித்த காலம் தொடர்ந்து உழைத்தவருக்கு அந்நோய் வந்தால், மாறாக நிரூபிக்கப்படும் வரை அது வேலையால் வந்ததாகவே கொள்ளப்படும். எனவே முதலில் நிலைநாட்ட வேண்டியவை நோயும் வேலையும் ஆகும்.

வேலைக்கான சான்றே பலரிடம் இல்லை. கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவுகளை, பணி தொடங்கியதிலிருந்து 40 ஆண்டுகளோ பணி முடிந்தபின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டுமென உச்ச நீதிமன்றம் 1995-இல் ஆணையிட்டது. சிறு கல்லாலைகளில் அத்தகைய பதிவை எதிர்பார்க்க இயலாது.

ஆகவே, முதல் வருகையிலேயே செய்த வேலைகள் அனைத்தையும், இடமும் ஆண்டும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்; அவை நோயாளிக் குறிப்பேட்டில் எழுதப்பட்டனவா எனக் கேளுங்கள். இ.எஸ்.ஐ. அட்டை, ஊதியச் சீட்டு, வருங்கால வைப்புநிதி எண், உடன் உழைத்தோர் பெயர்கள், பழைய எக்ஸ்ரே படங்கள் ஆகியவற்றைப் பாதுகாத்து வையுங்கள். இழப்பீடு கோர இரண்டு ஆண்டுக் காலவரம்பு உண்டு. நோய் உறுதியானதும் காலம் தாழ்த்தாதீர்கள். உழைத்தவர் உயிரோடிருக்கையில் அவர் வாயால் சொல்லி எழுதப்பட்ட குறிப்பு, பின்னாளில் அவர் குடும்பத்துக்கும் துணையாகும்.