உஷார்! ‘வீடியோ இருக்கு’ என்று மிரட்டுகிறார்களா?

பெண் பிள்ளையைப் பெற்றவர்களே, இதை முதலில் நீங்கள் படியுங்கள்.

2019-ல் பொள்ளாச்சி. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகம். இரண்டு இடத்திலும் பாலியல் வன்கொடுமை செய்தவர்கள் நம்பியிருந்தது செல்போனைத்தான். ‘வெளியே சொன்னா வீடியோவை விட்டுடுவோம்’ என்ற மிரட்டலிலேயே பொள்ளாச்சியில் பல பெண்களின் வாயை அடைத்து வைத்திருந்தார்கள். ஒரு கல்லூரி மாணவி துணிந்து புகார் கொடுத்த பிறகுதான் அந்தக் கும்பல் சிக்கியது.

அந்த மிரட்டலுக்குப் பலம் கொடுப்பது யார்? நாம்தான். டி.வி.யில் இப்படி ஒரு செய்தி ஓடும்போது, சாப்பிட்டுக்கொண்டே ‘இவ ஏன் அந்த நேரத்துல அங்க போனா?’ என்கிறோம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகள் ஒன்றும் பேசுவதில்லை. நாளைக்குத் தனக்கு ஏதாவது நடந்தால் இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிடுகிறாள். மிரட்டுகிறவனுக்கு அது போதும்.

இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடு, ஆட்டோ நம்பரை அனுப்பு என்று சொல்லி வளர்க்கிறோம். தேவைதான். ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், பதிவாகும் பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் குற்றவாளி அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவன். உறவுக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், நட்பாகப் பழகியவன்.

பெண்களே, மிரட்டல் வந்தால் ஒரு பைசா கொடுக்காதீர்கள், ‘கடைசியா ஒரு தடவை வா’ என்று கூப்பிட்டால் போகாதீர்கள். ஒரு தடவையோடு நிற்கவே நிற்காது. பதற்றத்தில் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. அவன் நம்பரும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு உடனே அனுப்பிவையுங்கள். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில், பெண்களுக்கு எதிரான இத்தகைய குற்றங்களைப் பெயர் சொல்லாமலே தெரிவிக்கலாம்.

ஸ்டேஷனுக்குப் போனால் பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற பயம் வீண் பயம் என்று சொல்ல மாட்டேன். நான் சொன்ன இரண்டு வழக்கிலுமே அடையாளம் கசிந்தது. மன்னிக்க முடியாத தவறு அது. இரண்டு முறையும் 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது உயர்நீதிமன்றம். பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. ஆகவே தயங்காமல் கேளுங்கள்: ‘என் பெயர் எங்கேயும் வரக் கூடாது. பெண் அதிகாரிதான் எழுத வேண்டும்.’ சம்பவம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ‘எங்க எல்லை இல்ல’ என்று திருப்பி அனுப்பச் சட்டத்தில் இடமில்லை.

புகார் கொடுத்து என்ன பயன் என்று நினைக்காதீர்கள். பொள்ளாச்சி வழக்கில் ஒரு சாட்சிகூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று தீர்ப்பு வந்தது.

உடலளவில் தாக்குதல் நடந்துவிட்டால், எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும் முடிந்தவரை குளிக்க வேண்டாம், துணியைத் துவைக்க வேண்டாம். துணியை பேப்பர் பையில் போட்டு எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசோ தனியாரோ, இலவசமாக முதல் சிகிச்சை தந்தாக வேண்டும். போலீஸ் புகார் கொடுத்துவிட்டு வா என்று சொல்லக் கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்துக்கு 72 மணி நேரம்தான் கெடு; அவசரக் கருத்தடை மாத்திரையும் தாமதமாகத் தாமதமாகப் பலன் குறையும். எவ்வளவு சீக்கிரம் போகிறீர்களோ அவ்வளவு நல்லது. கூட வர ஆள் இல்லையென்றால் பெண்கள் உதவி எண் 181-க்கு அடியுங்கள். ஆபத்து அந்த நிமிடமே என்றால் அவசர உதவி எண் 112.