புதிய கணிப்பொறியும் தாமதிக்கும் டிவிடி டிரைவும்

புதிதாகப் பொருத்திய கணிப்பொறி பொத்தானை அழுத்தியதும் சுறுசுறுப்பாய் விழித்தெழும் என்றே அனைவரும் எதிர்பார்ப்போம். அதற்கு மாறாக முதல் திரையிலேயே ஒரு நிமிடம் நின்றுவிட்டால், பழி பிராசஸர் மீதோ மதர்போர்டு மீதோதான் விழும். ஆனால் தாமதத்திற்குக் காரணம் சில வேளைகளில், மூலையில் அமைதியாக அமர்ந்திருக்கும் டிவிடி டிரைவே ஆகும்.

"இந்தக் காலத்தில் டிவிடி டிரைவ் எதற்கு?" என்று தோழியர் சிலர் வினவலாம். நம் பெற்றோரின் திருமணக் காட்சிகளும், பள்ளி ஆண்டுவிழாப் பாடல்களும் இன்னும் குறுந்தகடுகளில்தானே உறங்குகின்றன! வீட்டிலும் பள்ளியிலும் பதிவு செய்யப்படும் தகடுகளில் சாயப் படலம் ஒன்று உண்டு. வெயிலிலும் வெப்பத்திலும் அது நாளடைவில் மங்கும். முற்றும் மங்குமுன் பிரதி எடுத்தாக வேண்டும். ஆகவேதான் புதிய பெட்டியிலும் பழைய டிரைவுக்கு இடம் தருகிறோம்.

இந்த டிரைவ் வேலை செய்யும் விதத்தைச் சற்றுக் காண்போம். தகட்டின் உள்வட்டத்திலிருந்து வெளிவட்டம் நோக்கி ஒரே சுருள் பாதை செல்கிறது. சிடிக்கு 780 நானோமீட்டரும் டிவிடிக்கு 650 நானோமீட்டரும் அலைநீளம் கொண்ட லேசர் ஒளி அப்பாதையைப் படிக்கிறது. தகடு சுழன்று வேகம் பிடிக்கவும், லென்ஸ் சரியான குவியத்திற்கு வரவும் சில விநாடிகள் செல்லும். கணிப்பொறியோ எழும்போதே, "யார் யார் இருக்கிறீர்கள்?" என்று இணைத்துள்ள ஒவ்வொரு கருவியையும் கேட்கிறது. டிரைவ் பதில் சொல்லும் வரை அது காத்து நிற்கும். பார்ப்பவருக்கு அது மந்தமாகத் தோன்றும்.

முற்காலத்தில் இத்தொல்லை இன்னும் பெரிதாக இருந்தது. ஐ.டி.இ. என்னும் பட்டைக் கேபிள் ஒன்றிலேயே ஹார்ட் டிஸ்க்கையும் சிடி டிரைவையும் சேர்த்து மாட்டுவார்கள். கிணற்றுக்கு ஒரே கயிறு இருந்தால் ஒருவர் இறைக்கும்போது மற்றவர் நிற்கத்தானே வேண்டும்! 2001-இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் வேறொரு விசித்திரமும் இருந்தது. பரிமாற்றப் பிழைகள் ஆறு சேர்ந்தால் அது வேகத்தை ஒரு படி குறைத்துவிடும். இப்படியே இறங்கி, பிராசஸரே ஒவ்வொரு துணுக்காகத் தரவைச் சுமக்கும் பி.ஐ.ஓ. நிலைக்கும் வந்து சேரும். பழுதான கேபிளை மாற்றினாலும் வேகம் தானாகத் திரும்பாது. அந்த இணைப்பை டிவைஸ் மேனேஜரில் நீக்கிவிட்டு, கணிப்பொறியை மறுபடி இயக்க வேண்டும்.

இன்றைய சாட்டா முறையில் ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கேபிள் உண்டு. ஆகவே பழைய சண்டை இல்லை; ஆனால் காத்திருத்தல் மட்டும் ஒழியவில்லை.

எங்கள் கணிப்பொறி அறைக்கு வந்த புதிய பெட்டி முதல் திரையைத் தாண்டவே எழுபது விநாடிக்கு மேல் எடுத்துக்கொண்டது. பொருத்திக் கொடுத்தவர் மதர்போர்டையே மாற்றச் சொல்லிவிட்டார். அதன் விலையைக் கேட்டதும் சிஸ்டர் மௌனமானார்கள். நாங்கள் நால்வர் கைக்கடிகாரமும் குறிப்பேடுமாக அமர்ந்தோம். முதலில் உள்ளே தகடு ஏதும் இருக்கிறதா என்று பார்த்தோம், இல்லை. பிறகு மின்சாரத்தை நிறுத்தி, பிளக்கையும் உருவிவிட்டு, டிரைவின் இரு கேபிள்களையும் கழற்றினோம். இப்போது இருபது விநாடியில் திரை கடந்தது! மதர்போர்டு மீது குற்றமில்லை என்று தெரிந்துவிட்டது. அடுத்து டிரைவை வேறு கேபிளால் மாட்டினோம். அப்போதும் இருபதே விநாடி. பழைய கேபிள் முனையருகே ஒடிந்தாற்போல் மடங்கியிருந்தது.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றமே செய்ய வேண்டும். கேபிளையும் போர்ட்டையும் ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று எப்படி அறிவது? கேபிளில் குறையில்லையெனில் வேறு போர்ட்டில் மாட்டிப் பார்க்கலாம். பயாஸ் அமைப்பில் டிவிடி டிரைவ் முதலிடத்தில் இருந்தால் ஹார்ட் டிஸ்க்கை அதற்கு முன்னே வைக்கலாம்.

கணிப்பொறி நன்றாக எழுந்து, தகடு போட்டபின் மட்டும் உறைந்தால் தகட்டையே சந்தேகிக்க வேண்டும். படிக்க முடியாத இடத்தை டிரைவ் வேகத்தைக் குறைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும். மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள்; வட்டமாகத் துடைக்கலாகாது. ரீட், சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் 1960-இல் வகுத்த முறையால், குறுக்கே விழுந்த சிறு கீறலில் விடுபட்ட தரவை டிரைவ் கணக்கிட்டு மீட்டுவிடும். பாதையோடு ஒட்டி ஓடும் நீண்ட கீறலில் தொடர்ச்சியாகப் பல விடுபடுவதால் அம்முறையும் தோற்றுவிடும்.

எதற்கும் மசியாத டிரைவ் என்றால், யு.எஸ்.பி.யில் மாட்டும் வெளி டிரைவ் ஒன்று போதும். பிரதி எடுக்கும் நாளில் மட்டும் மாட்டிக்கொள்ளலாம். மற்ற நாட்களில் கணிப்பொறி அதன் பதிலுக்காக நிற்க வேண்டியதேயில்லை.