விரைவுத் தாக்குதல் கட்டு (சேகரிப்புச் சீட்டாட்டம்)

விரைவுத் தாக்குதல் கட்டு என்பது, சேகரிப்புச் சீட்டாட்டங்களில் எதிராளி தன் பெரிய சீட்டுகளை இறக்கும் முன்பே ஆட்டத்தை முடித்துவிடும் நோக்கத்துடன் தொகுக்கப்படும் சீட்டுக்கட்டு ஆகும். ஆட்டக்காரர்கள் இதைச் சுருக்கமாக 'அக்ரோ' என்பர். இவ்வகை ஆட்டங்களுக்கு இன்றைய வடிவைக் கொடுத்தது 'மேஜிக்: த கேதரிங்'. கணிதவியலாளர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய இவ்வாட்டம் 1993இல் அமெரிக்காவில் வெளியானது. இங்கு தரப்படும் விளக்கங்கள் அதன் விதிகளையே அடிப்படையாகக் கொண்டவை.

ரம்மியிலும் கழுதையிலும் எல்லோருக்கும் பொதுவாக ஒரே கட்டுதான். 1990களில் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளிடையே பரவிய மல்யுத்த வீரர் 'டிரம்ப் கார்டு' ஆட்டத்திலும் ஒரே கட்டைப் பிரித்துத்தான் ஆடினர். சேகரிப்புச் சீட்டாட்டத்திலோ அவரவர் சேர்த்த சீட்டுகளிலிருந்து அவரவரே கட்டு அமைத்துக்கொண்டு வருகின்றனர். சேர்ப்பதும் மாற்றிக்கொள்வதும் விருதுநகர் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலால் பெருகிய தீப்பெட்டிப் படங்களைப் பிள்ளைகள் சேர்த்தார்கள், மாற்றிக்கொண்டார்கள், பந்தயமும் வைத்தார்கள். மேஜிக் ஆட்டத்தின் தொடக்க விதிகளிலும் இத்தகைய பந்தயம் இருந்தது. ஆளுக்கொரு சீட்டை ஒதுக்கி வைப்பார்கள், வென்றவர் இரண்டையும் எடுத்துக்கொள்வார். பின்னர் அவ்விதி கைவிடப்பட்டது.

20 புள்ளிகளின் கணக்கு

ஒவ்வொருவரும் 20 உயிர்ப்புள்ளிகளுடனும் 7 சீட்டுகளுடனும் தொடங்குவர். சீட்டு இறக்கத் தேவையான ஆற்றலுக்கு 'மானா' என்று பெயர். அது நிலச் சீட்டுகளிலிருந்து கிடைக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒரு நிலம்தான் வைக்கலாம் என்பதால் முதல் சுற்றில் ஒரு மானா, மூன்றாம் சுற்றில் மூன்று என்று மெதுவாகவே ஏறும். பயன்படுத்தாத மானா அடுத்த சுற்றுக்கு மிஞ்சாது. ஐந்து மானா கேட்கும் பெரிய உயிரினம், சிறப்பு உதவி ஏதும் இல்லாவிட்டால், ஐந்தாம் சுற்றுக்கு முன் வர முடியாது. அந்த இடைவெளிக்குள் 20 புள்ளிகளையும் கரைப்பதே விரைவுத் தாக்குதல் கட்டின் வேலை.

'காப்ளின் கைடு' என்ற சீட்டை எடுத்துக்கொள்ளலாம். ஒரு மானா விலை, தாக்கும் வலிமை 2, இறக்கிய சுற்றிலேயே தாக்கலாம். முதல் சுற்றில் இறங்கி யாரும் தடுக்காவிட்டால் நான்காம் சுற்று முடிவதற்குள் 8 புள்ளிகளைக் குறைத்துவிடும். அதே சீட்டு நான்காம் சுற்றில் கைக்கு வந்தால் அதற்குள் குறைப்பது 2 மட்டுமே. 'லைட்னிங் போல்ட்' அப்படியல்ல. ஒரு மானாவுக்கு 3 புள்ளி அடி, எந்தச் சுற்றில் எறிந்தாலும் அதே 3. எனவே இரண்டும் கையில் இருந்தால் உயிரினத்தை முதலில் இறக்கி, எறிசீட்டைப் பிறகு பயன்படுத்துவதே வழக்கம்.

ஸ்லை கட்டு

இந்த உத்தியின் வரலாற்றில் புகழ்பெற்றது, 1996இல் அட்லாண்டாவில் நடந்த ஒரு தகுதிப் போட்டியில் பால் ஸ்லை ஆடி இரண்டாம் இடம் பிடித்த கட்டு. அதை வடிவமைத்தவர் ஜே ஷ்னைடர், பெயர் நிலைத்ததோ ஆடியவருக்கு. மற்றவர்கள் ஒதுக்கித் தள்ளிய மலிவான சீட்டுகளே அதில் நிறைந்திருந்தன. 'அயர்ன்கிளா ஓர்க்ஸ்' என்ற இரண்டு மானா உயிரினம் அவற்றுள் ஒன்று. வலிமை 2 அல்லது அதற்கு மேற்பட்ட உயிரினத்தை அதனால் தடுக்க முடியாது. காவலுக்கு உதவாத சீட்டு என்றே பலரும் அதைக் கருதினர். காவல் காக்கும் எண்ணமே இல்லாத கட்டுக்கு அந்தக் குறை ஒரு குறையல்ல.

சீட்டுகளின் தரத்தைவிட, எந்த விலையில் எத்தனை சீட்டு என்ற பகிர்வுக்கே ஷ்னைடர் முதலிடம் கொடுத்தார். மலிவானவை அதிகம், விலை ஏற ஏற எண்ணிக்கை குறைவு, ஒரு சுற்றில்கூட மானா வீணாகக் கூடாது. இன்று இது 'மானா வளைவு' எனப்படுகிறது. 60 சீட்டுக் கட்டில் ஒரு மானா உயிரினங்கள் 4 இருந்தால், முதல் 7 சீட்டுகளில் ஒன்றாவது வரும் வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு. 8 இருந்தால் 65, 12 இருந்தால் 81. ஆசைப்பட்டு ஐந்து மானா டிராகன்கள் இரண்டைச் செருகும் புதியவர்கள் இந்தக் கணக்கைத்தான் கெடுத்துக்கொள்கிறார்கள்.

எதை அடிப்பது

போல்ட்டை எதிராளி மீதும் எறியலாம், அவருடைய உயிரினத்தின் மீதும் எறியலாம். ஆட்டம் பெரும்பாலும் இந்த முடிவில்தான் கைமாறுகிறது. வலிமை 2 உள்ள ஓர் உயிரினத்தின் வழியை எதிராளியின் காவல் உயிரினம் ஒன்று மறிக்கிறது என்று கொள்வோம். அதை அகற்றினால் இன்னும் இரண்டு முறை தாக்க வழி கிடைக்குமானால் அந்தப் போல்ட்டின் மதிப்பு 4, நேரே எறிந்தால் 3. ஒரே தாக்குதலுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் நேரே எறிவதே சரி. எதிராளியின் மீதிப் புள்ளிகளைக் கையிலுள்ள எறிசீட்டுகளே தீர்த்துவிடும் நிலை வந்தபின் காவலைப் பற்றிய யோசனையே தேவையில்லை.

இரண்டு விரைவுக் கட்டுகள் மோதும்போது சிக்கல் கூடுகிறது. மைக் ஃபுளோரஸ் 1999இல் எழுதிய 'ஹூ இஸ் த பீட்டவுன்?' என்ற கட்டுரை இதைத்தான் பேசுகிறது. ஒவ்வோர் ஆட்டத்திலும் ஒருவர் தாக்குபவர், மற்றவர் காப்பவர். தன் பங்கைத் தவறாகக் கணிப்பவர் தோற்கிறார். தன் கட்டின் பெயர் 'அக்ரோ' என்பதற்காக, தன்னைவிட வேகமான கட்டுக்கு எதிராகவும் தாக்கிக்கொண்டே இருப்பவரின் தோல்வி அப்படிப்பட்டது.

கை வெறுமையாகும் ஆபத்து

'ராத் ஆஃப் காட்' என்ற நான்கு மானாச் சீட்டு மேசையிலுள்ள எல்லா உயிரினங்களையும் ஒரே அடியில் அழித்துவிடும். எதிராளி நான்காம் நிலத்தை வைக்கப்போகும் நேரத்தில் மூன்றாம் உயிரினத்தை இறக்கலாமா என்பதே பெரிய கேள்வி.

வலிமை 2 உள்ள இரண்டு உயிரினங்கள் மேசையில் இருக்கின்றன, எதிராளிக்கு 8 புள்ளி மீதி. சுற்றுக்கு 4 வீதம் இரண்டு சுற்றில் முடியும். அதே வலிமையில் இன்னொன்று சேர்த்தால் சுற்றுக்கு 6, அப்போதும் இரண்டு சுற்றுதான். எனவே மூன்றாவது கையிலேயே இருக்கட்டும். மீதி 12 என்றால் மூன்று சுற்று இரண்டாகக் குறைகிறது, அப்போது இறக்குவதில் பொருள் உண்டு. சிவகாசிக்காரருக்குச் சொல்வதானால், பத்தாயிரம் வாலாவைப் பற்றவைத்த பின் பாதியில் நிறுத்த முடியாது, கைச்சீட்டைப் பாதியில் நிறுத்தலாம்.

போட்டிகளில் பெரும்பாலும் மூன்றுக்கு இரண்டு ஆட்டம் வெல்ல வேண்டும். முதல் ஆட்டம் முடிந்ததும் 15 சீட்டு வரையுள்ள மாற்றுக் கட்டிலிருந்து சீட்டுகளை மாற்றிக்கொள்ளலாம். அப்போது எதிராளி மலிவான காவல் உயிரினங்களையும் உயிர்ப்புள்ளி கூட்டும் சீட்டுகளையும் கொண்டுவருவார் என்பதால், முதல் ஆட்டத்தில் நேரே எறியப்பட்ட போல்ட்டுகள் பல இரண்டாம் ஆட்டத்தில் காவலை அகற்றுவதற்கே செலவாகும்.