கடை சாத்தும் வேளை யார் கையில்?

திருக்குறளைப் பாடஞ் சொல்லும்போது அதிகார வைப்புமுறையை உற்று நோக்குமாறு மாணாக்கரை நான் வற்புறுத்துவதுண்டு. புலான்மறுத்தல் அறத்துப்பாலிலே துறவறவியலில் நிற்கின்றது. கள்ளுண்ணாமையோ பொருட்பாலிலே, 93ஆம் அதிகாரமாய், சூதுக்கு முன்னே நிற்கின்றது. தனியொருவன் மேற்கொள்ளும் நோன்பாக மாத்திரம் இதனை வள்ளுவர் எண்ணியிருப்பின், புலான்மறுத்தலுக்குப் பக்கத்திலே வைத்திருப்பார். அரசும் அமைச்சும் நாடும் பேசப்படும் பாலிலே வைத்தமையால், மது நாட்டு வாழ்வைத் தொடும் பொதுக்காரியம் என்பதே அவர் கருத்தென்று கொள்ளுதல் பொருந்தும்.

நிற்க. பொதுக்காரியமாயின் அதனைத் தீர்மானிக்க வேண்டியவர் யார்? மதுக்கடை இரவு எத்தனை மணிக்குச் சாத்தப்படல் வேண்டும் என்பதைத் தலைநகரம் சொல்வதா, கடைக்காரர் சொல்வதா, அக்கடை இருக்கும் தெருவார் சொல்வதா? இவ்வினாவுக்கு விடை காண முயன்ற நியூசிலாந்து நாட்டின் அனுபவம் நாம் அறிதற்குரியது.

அந்நாட்டிலே பேரங்காடிகளும் பலசரக்குக் கடைகளும் 1989இல் வைன் விற்கவும், 1999இல் பியர் விற்கவும் அனுமதி பெற்றன. பாலும் பாணும் வாங்கும் இடத்திலேயே மதுவும் வாங்கலாம் என்றாயிற்று. பின்னர் 2012ஆம் ஆண்டுச் சட்டம், வெளியே கொண்டுசென்று அருந்தும் மதுவை விற்கும் கடைகளுக்குக் காலை 7 மணி முதல் இரவு 11 மணி வரை என ஒரு பொதுவெல்லை வகுத்தது. ஊரவர் கருத்தைக் கேட்டு அவ்வெல்லையைக் குறுக்கவோ நீட்டவோ உள்ளூராட்சிச் சபைகளுக்கு உரிமையும் அளித்தது.

ஏட்டில் எழுதிய உரிமை கைக்கு வந்து சேர்தல் எளிதன்று. அந்நாட்டின் மிகப் பெரிய நகராகிய ஒக்லாந்தின் சபை, இரவு 9 மணியுடன் கடைகளின் மதுவிற்பனையை நிறுத்தும் ஏற்பாட்டை 2015இல் வெளியிட்டது. பேரங்காடி நிறுவனங்கள் இரண்டு அதனை எதிர்த்து மேன்முறையிட்டன. வழக்கு மன்றுக்கு மன்று ஏறி, 2023இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றத்திலே சபைக்குச் சார்பாக முடிந்தது. 9 மணிக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்ததோ 2024 டிசெம்பரில். முதலாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வந்துவிடும் காலம் இது! இத்தகைய இழுபறியைக் கண்டே, அவ்வகை மேன்முறையீட்டு உரிமையைப் பாராளுமன்றம் 2023இல் நீக்கியது.

நேரத்தைக் குறுக்கினாற் குடிப்பவன் முன்னதாகவே வாங்கி வைத்துக்கொள்வான் என்பர் சிலர். இரவு வேலை முடிந்து வருபவனுக்கு வழியென்ன என்பர் வேறு சிலர். இவை தள்ளிவிடத்தக்க வினாக்கள் அல்ல. ஆயினும், முன்கூட்டி எண்ணி வாங்குபவனைப் பற்றியதன்று இக்கட்டுப்பாடு. உள்ளதைக் குடித்துத் தீர்த்து, இன்னுமொரு போத்தலுக்காக இரவு 10 மணிக்குத் தெருவில் இறங்குபவனைப் பற்றியது. அவனுக்கு முன்னே கடைக்கதவு சாத்தியிருக்குமாயின், அவன் வீட்டார்க்கு அன்றிரவு உறக்கம் மிஞ்சும். காலையில் வகுப்பிலே தூங்கி விழும் பிள்ளையின் முகத்தில் முந்திய இரவின் கதையைப் பல முறை படித்தவன் நான். ஆசிரியர் பலரும் படித்திருப்பர்.

9 மணியே எவ்வூருக்கும் உரிய வேளை என்று நான் சாதிக்க வரவில்லை. ஓர் ஊர் கூடி ஆராய்ந்து 10 மணி என்று நீட்டுமாயின் அதுவும் மதிக்கத்தக்கதே. விற்பனையின் இலாபம் தொலைவிலுள்ளவர்க்குப் போகலாம்; அதன் இரைச்சலும் அடிதடியும் கண்ணீரும் அவ்வூரிலேயே தங்கும். விளைவைச் சுமப்பவருக்கே சொல்லும் உரிமை முதலில் வேண்டும் என்பதே என் வாதம்.

இது நம் நாட்டுக்கும் புதிதன்று. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில், ஊரவர் வாக்களித்துக் கள்ளுத் தவறணைகளை மூடுவிக்கும் முறை இலங்கையிலும் இருந்தது. இன்று மதுக்கடை திறக்கும் நேரமும் சாத்தும் நேரமும் கொழும்பிலிருந்து வரும் மதுவரி அறிவித்தல்களால் அமைகின்றன. அந்நிய ஆட்சியிலே தவறணையை மூட வாக்களித்த ஊர்கள், சொந்த ஆட்சியிலே அதன் நேரத்தையேனும் சொல்லுதற்கு உரிமையற்று நிற்றல் பொருந்துமா?

குடி என்னும் சொல் மதுவருந்துதலையும் குறிக்கும். குடும்பத்தையும் குடிமக்களையும் குறிக்கும். முன்னதன் வேளையைப் பின்னவர் வகுத்தலே முறை. சனசமூக நிலையங்களிலும் கல்லூரி மாணவர் மன்றங்களிலும் இது விவாதத்துக்கு எடுக்கப்படுமாயின் நன்று.