வெயிலில் அடம்பிடிக்கும் பழைய கார்

பழைய காரில் வரக்கூடிய கோளாறுகளுள் மிகவும் தொல்லை தருவது அது முற்றாக நின்றுபோவதன்று. சில வேளைகளில் மட்டும் இயங்க மறுப்பதே. நின்றுபோன காரில் குற்றம் இன்னதென்று கண்டுபிடித்துவிடலாம். காலையில் ஒழுங்காக ஓடி, பிற்பகல் கடைவாசலில் மறுத்து, கராஜுக்கு இழுத்துச் சென்றதும் ஒரே திருப்பில் உயிர்பெறும் காரை என்ன செய்வது? வைத்தியரைக் கண்டவுடன் காய்ச்சல் விட்டுப்போகும் நோயாளியின் நிலைதான் அதற்கும்.

எம்மவரிற் பலருக்கு இது வெறும் தொல்லையோடு முடிவதில்லை. பஸ் ஓடத் தொடங்கு முன்னரே, அதிகாலை மூன்று மணிக்குப் பத்திரிகை விநியோகத்திற்கோ துப்புரவு வேலைக்கோ புறப்படுபவர் இரண்டு தடவை பிந்திச் சென்றால், மூன்றாந் தடவை அவருக்கு அங்கு வேலை இருப்பதில்லை. அந்த அச்சத்தில், முதலில் பற்றறி, பின்னர் ஸ்ராட்டர், அதன் பின்னர் பெற்றோல் பம்பி என்று ஊகத்தின் பேரில் ஒவ்வொன்றாக மாற்றி, கார் வாங்கிய விலைக்கு மேலாகச் செலவழித்த பின்னரும் பழைய கோளாறுடனேயே வீடு திரும்புவோர் உளர். பழுதுபார்த்தல் என்று இதனைச் சொல்வதற்கில்லை. அதிர்ஷ்டச் சீட்டு இழுத்தல் என்பதே பொருந்தும்.

நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: திறப்பைத் திருப்பும்போது எஞ்சின் சுழல்கின்றதா, இல்லையா? சுழலவில்லையாயின் ஓசையைக் கவனிக்க வேண்டும். விரைவாகத் தொடர்ந்து 'டிக் டிக்' என்றால் பற்றறி சோர்ந்திருக்கின்றது, அல்லது அதன் முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகக் களிம்பு பிடித்திருக்கின்றது. ஓய்வில் 12.6 வோல்ற் காட்டும் நல்ல பற்றறி, எஞ்சினைச் சுழற்றும் வேளையிலும் ஏறத்தாழ 9.6 வோல்ற்றுக்குக் கீழே இறங்கலாகாது. ஒரேயொரு தடவை 'டக்' என்று உரத்துக் கேட்டு அடங்கினால், ஸ்ராட்டரினுள் இருக்கும் செப்புத் தொடுமுனைகள் தேய்ந்திருக்கக் கூடும். பழைய ரொயோட்டாக்களில் இது பலரும் அறிந்த நோய். ஸ்ராட்டர் முழுவதையும் மாற்றாமல், அச்செப்புத் துண்டுகளை மட்டும் சிறு செலவில் மாற்றிக்கொள்ளலாம். ஓசையே இல்லாவிட்டால், ஒட்டோமற்றிக் காரில் கியரை நியூற்றலுக்குக் கொண்டுவந்து ஒருமுறை திருப்பிப் பார்த்தல் நன்று. அப்போது இயங்குமாயின் குற்றம் கியருடன் இணைந்த பாதுகாப்பு ஆளியில் இருக்கலாம்.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் கதை வேறு. இங்கேதான் 1990களில் வெளிவந்த ஹொண்டா சிவிக், அக்கோட் கார்களை நினைவுகூர வேண்டியிருக்கின்றது. கைமாறிக் கைமாறி எம்மவரிடம் வந்து சேர்ந்த கார்களுள் இவை ஏராளம். ஆடி மாத வெயிலில், கண்ணாடிகள் மூடிய நிலையில் ஒரு மணித்தியாலம் நிறுத்திவிட்டு வந்தால், எஞ்சின் சுழலும், பற்றாது. கதவுகளைத் திறந்து வைத்து அரை மணித்தியாலம் காத்திருந்தால், ஒன்றுமே நடவாததுபோல் இயங்கும்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் டாஷ்போட்டின் அடியில் இருக்கும் ஒரு சிறு பெட்டி. அதனை மெயின் றிலே என்பர். காரின் கணனிக்கும் பெற்றோல் பம்பிக்கும் மின்சாரத்தைத் திறந்துவிடுவது அதுவே. அப்பெட்டியினுள் உள்ள மின்சுற்றுப் பலகையில் உலோகக் கால்கள் பற்றாசினால் ஒட்டப்பட்டிருக்கும். ஆண்டுக்கணக்காக வெப்பத்தில் விரிந்தும் குளிரிற் சுருங்கியும் வர, அக்கால்களைச் சுற்றி மயிரிழை போன்ற வட்ட வெடிப்பு உண்டாகின்றது. உட்புறம் சூடேறும்போது வெடிப்பு விலக, மின்சாரம் அறுந்து, பம்பி ஓடாது போகின்றது. குளிர்ந்ததும் மீண்டும் பொருந்திக்கொள்ளும். கராஜின் நிழலில் கார் சுகமடைவதன் இரகசியம் இதுதான்.

இதனை அறிய ஆயுதம் எதுவும் வேண்டியதில்லை, காது போதும். வானொலியை நிறுத்திவிட்டு, திறப்பை எஞ்சின் சுழலாத அளவில் மட்டும் திருப்புங்கள். எஞ்சின் அடையாள விளக்கு ஏறத்தாழ இரண்டு செக்கன் எரிந்து அணையும். அதே இரண்டு செக்கனும் பின்னாசனப் பக்கத்திலிருந்து பம்பியின் மெல்லிய முனகல் கேட்க வேண்டும். கார் நல்ல நிலையில் இருக்கும் நாளிலேயே இவ்வோசையைக் கேட்டுப் பழகி வைத்திருப்பது அவசியம். மறுக்கும் வேளையில் விளக்கு எரிந்து அணைந்தும் முனகல் கேட்கவில்லையாயின், றிலேயின் மீது ஐயம் கொள்ளலாம். ஆயினும் உடனே தீர்ப்பளித்துவிடக் கூடாது. அந்த இரண்டு செக்கனில் பம்பிக்கு மின்சாரம் போய்ச் சேர்கின்றதா என்று மீற்றர் வைத்துப் பார்க்க வேண்டும். மின்சாரம் போயும் பம்பி ஓடாவிட்டால் பம்பியே குற்றவாளி. முனகலும் கேட்டு, எஞ்சினும் பற்றாதிருந்தால் தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். இக்கார்களின் டிஸ்ரிபியூற்றருள் இருக்கும் இக்னைற்றரும் சூட்டில் முரண்டுபிடிப்பதுண்டு.

வெடித்த பற்றாசை உருக்கி மீண்டும் ஒட்டுவது, வானொலிப்பெட்டி திருத்தத் தெரிந்த எவருக்கும் அரை மணித்தியால வேலை. யாழ்ப்பாணத்தில் பழைய வால்வு வானொலிகளைத் திருத்திய கைகள் இங்கே எத்தனையோ உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவுகின்றன என்பதையும் இவ்விடத்தில் சொல்லாமலிருக்க முடியவில்லை. பெட்டியைக் கழற்றுமுன் பற்றறியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும்.

கராஜுக்குத்தான் போவதென்றால், மொழி போதாமை எம்மவர்க்குப் பெருந் தடை. 'ஓடுதில்லை' என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டுக்கொண்டு மெக்கானிக் எதையும் மாற்றலாம். ஆகவே, கார் மறுத்த ஒவ்வொரு தடவையும் நேரம், வெயிலோ குளிரோ, எவ்வளவு நேரம் நிறுத்தியிருந்தது, எஞ்சின் சுழன்றதா, பம்பி முனகியதா, எத்தனை நிமிடத்திற்குப் பின் இயங்கியது என்பவற்றை ஒரு தாளிற் குறித்து, பாடசாலை செல்லும் பிள்ளையைக் கொண்டு அந்நாட்டு மொழியில் எழுதுவித்துக் கையில் கொடுங்கள். வெயிற்காலமாயின் காலையில் கொண்டுபோய் விடாது நண்பகலிற் கொண்டுசென்று, கண்ணாடிகளை மூடி வெளியே வெயிலில் நிறுத்துவித்து, அது மறுக்கும்போதே சோதிக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.